தீவும் லீவும்

சுற்றுலா விளம்பரங்களில் தீவு என்றால் ஒரு சாய்ந்த தென்னை, இரண்டு சாய்வு நாற்காலி, நடுவில் ஒரு குடை. மனிதர்கள் இருக்க மாட்டார்கள். அப்படியே இருந்தாலும் தட்டில் இளநீர் ஏந்தி வரும் ஒருவர்தான். அண்மையில் அப்படியொரு விளம்பரத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுக்கச் சொன்னார்கள். "தனிமையின் மடியில்" என்று ஏதோ எழுதி அனுப்பினேன். பணம் வந்தது. எனக்குத் தெரிந்த தீவில் தனிமை என்ற பொருள் கிடைத்ததே இல்லை. இருபதடி தூரத்தில் எப்போதும் யாராவது கருவாடு காயவைத்துக் கொண்டிருப்பார்கள்.

ராமேஸ்வரம் தீவுக்கு உலகம் புண்ணியம் தேடிப் போகிறது. நாங்கள் அத்தை வீட்டுக்குப் போனோம். கோயிலுக்கு மேற்கே தள்ளி தங்கச்சிமடத்தில் அத்தை வீடு. மாமா பள்ளி ஆசிரியர். 1985 முதல் ஏழெட்டு ஆண்டுகள் ஏப்ரல் பிறந்தால் மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் பாசஞ்சரில் கிளம்பிவிடுவோம். மானாமதுரையில் சாப்பாட்டு மூட்டையைப் பிரிப்பது, பரமக்குடியில் தண்ணீர் பிடிப்பது, உச்சிப்புளி தாண்டியதும் உடைமரங்கள் குடை விரித்தாற்போல் வரிசை கட்டுவது எல்லாம் மனப்பாடம். மண்டபத்தில் வண்டி நின்றால் அம்மா ஜன்னல் கம்பிக்குள் எங்கள் கைகளை இழுத்துவிடுவாள்.

அப்பா ஒவ்வோர் ஆண்டும் அதே பாடத்தை நடத்துவார். பாலம் 1914இல் திறந்தது, நடுவில் கப்பலுக்கு வழிவிடத் தூக்கும் பகுதிக்கு ஷெர்ஸர் என்று பெயர், அதை மின்சாரத்தால் அல்ல, ஆட்கள் கையால் சுற்றித்தான் தூக்குகிறார்கள், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் விழாது. வண்டி மனிதன் நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஊர்ந்து போகும். கைப்பிடிச் சுவர் கிடையாது. ஜன்னல் வழியே குனிந்தால் நேரே தண்ணீர்தான். பயணிகள் காசு எறிவார்கள். அப்பத்தா ஐந்து பைசா எறிந்துவிட்டு, எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுப்பாள். நான் எறியாமல் வைத்துக்கொண்ட ஆண்டுகளும் உண்டு. கடல் ஒன்றும் கேட்கவில்லை.

1988 அக்டோபர் 2இல் சாலைப் பாலம் திறந்தது. அதற்குப் பின் பஸ்ஸும் ஓடியது. ஆனால் பஸ்ஸில் போன ஆண்டு அப்பத்தா முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அவளுக்கு இந்தத் தடம் வேறு மாதிரியாகப் பழக்கம். எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் நேராக தனுஷ்கோடிக் கப்பல் துறைக்கே போகும் காலம் அது. அங்கே இறங்கி நீராவிக் கப்பலேறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயில், கொழும்பு. அப்பத்தாவின் அண்ணன் கொழும்பில் கடை வைத்திருந்தார். தனுஷ்கோடி என்றால் அவளுக்கு ராமரும் இல்லை, சேதுவும் இல்லை. அண்ணன் வந்து இறங்குகிற இடம், சிலோன் சோப்பு மணக்கும் தோல் பெட்டி, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் புதிய பாலம் திறந்த பிறகு என் மகளை அழைத்துக்கொண்டு போனேன். நூற்றாண்டு கண்ட பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் நின்றுவிட்டது. புதியதில் நடுப்பகுதி லிஃப்ட் போல் அப்படியே செங்குத்தாக மேலே போகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. அப்பாவின் பாடத்தை நான் ஆரம்பித்து ஷெர்ஸருக்கு வருவதற்குள் பாம்பன் ஸ்டேஷன் வந்துவிட்டது.

*

அத்தை வீட்டின் சுவர் முருகைக்கல். கடலிலிருந்து வெட்டி எடுத்த பவளப் பாறை. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் விரலை வைத்துத் தடவினால் தேன்கூடு போல் இருக்கும். எந்த உயிரின் கூட்டில் விரல் வைக்கிறோம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் காலத்தில் அது ஏழைகளின் செங்கல். பவளத்தை வெட்டி வெட்டித்தான் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டும் நீருக்குள் அமிழ்ந்தன என்று பின்னால் பத்திரிகைக்காகப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அத்தையின் அடுப்படிச் சுவர்தான். 2001 முதல் பவளம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அத்தை வீட்டுச் சுவர் சட்டத்துக்கு முந்தியது.

கொல்லையில் மல்லிகைப் பதியன். மதுரை மல்லி என்று நாங்கள் பெருமை பேசுகிற பூவுக்குச் செடி இந்த மணல்காட்டிலிருந்துதான் போகிறது என்பது மாமா மதுரைக்காரர்களை மட்டம் தட்டக் கையில் வைத்திருந்த ஆயுதம். "பூ உங்களது, வேர் எங்களது" என்பார். இப்போதும் தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பாத்திகள் இருக்கின்றன. கட்டுக் கட்டாக வெளியூர் போகின்றன.

வீட்டுக்கு வடக்கே நடந்தாலும் கடல், தெற்கே நடந்தாலும் கடல். வடக்கே பாக் நீரிணை, பெண்கடல். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண்கடல். கோடை லீவில் பெண்கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும். தெற்கே சோழகக் காற்று கிளம்பிவிடும், அலை அடிக்கும். அய்ப்பசியில் வாடை வந்துவிட்டால் கதை தலைகீழ். அப்போது பெண்கடலுக்குத்தான் ஆவேசம். பெயர் வைத்தவர்கள் எந்த மாதத்தில் வைத்தார்களோ என்று என் அத்தை மகன் கேட்பான். மாமா பதில் சொன்னதில்லை.

பக்கத்து வீட்டில் மூங்கில்மேல் மூங்கில் கட்டி ஆன்டெனா நிறுத்தியிருந்தார்கள். கொடைக்கானல் தூர்தர்ஷனைவிட இலங்கையின் ரூபவாஹினி தெளிவாக விழும். மொழி புரியாத சிங்கள நாடகத்தை மணிக்கணக்கில் பார்த்துவிட்டு, யார் நல்லவர், யார் கெட்டவர் என்று பந்தயம் கட்டுவோம். நான் பின்னால் மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்ததற்கு அந்தப் பந்தயம்தான் முதல் பயிற்சி என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. பாதி உண்மை.

ஒரு விஷயம் எங்களுக்கு விளங்கியதே இல்லை. நாங்கள் லீவுக்குத் தீவுக்கு வர, அத்தை பிள்ளைகள் லீவுக்கு மதுரைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். தங்கம் தியேட்டர், ஜிகர்தண்டா, மாட்டுத்தாவணிக் கூட்டம். "கடலை என்னத்தப் பாக்குறது, அது அங்கனயேதான கெடக்கு" என்பான் அத்தை மகன். கடைசியில் மே மாதம் பாதியில் அவர்கள் எங்களோடு மதுரைக்கு வந்து விடுவார்கள்.

*

விளக்கு வைத்த பிறகு கடல் பக்கம் போகக் கூடாது. அத்தை வீட்டின் ஒரே சட்டம் அதுதான். மற்றதெல்லாம் அனுமதி: வெயிலில் சுற்றலாம், நுங்கு வெட்டித் தின்று வயிற்றைக் கெடுத்துக் கொள்ளலாம், சங்கு பொறுக்கி வந்து வீட்டை நாற அடிக்கலாம். இருட்டியபின் மட்டும் கூடாது. ஏன் என்று கேட்டால் "காத்து நல்லால்ல ஆத்தா" என்பாள். அத்தை கடலில் கால் நனைத்து நான் பார்த்ததே இல்லை. ஐம்பது ஆண்டுக்கு மேல் தீவில் இருந்தவள்.

1987 என்று நினைக்கிறேன். ஒரு மத்தியானம் பரணிலிருந்து பல்லாங்குழி எடுக்கப் போன அத்தை மகனும் நானும் ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்துவிட்டோம். உள்ளே துணிப்பையில் ஒரு கட்டுக் காகிதம். ஐந்தாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு, கணக்கு. மாமாவின் சிவப்பு மையில் மார்க். மொத்தம் முப்பத்தெட்டுத் தாள். ஒவ்வொருவர் பெயராக நான் வாசிக்க, மார்க்கை அவன் வாசிக்க, பூஜ்யம் வாங்கிய ஒருவனுக்காக இரண்டு பேரும் சிரித்துக் கொண்டிருந்தபோது அத்தை வந்து நின்றாள். திட்டவில்லை. தாள்களை வரிசை மாறாமல் அடுக்கி, பையில் போட்டு, பெட்டியை மூடிவிட்டுப் போய்விட்டாள். அன்று இரவு மாமாதான் சொன்னார்.

மாமாவுக்கு முதல் வேலை தனுஷ்கோடிப் பள்ளியில். 1964 டிசம்பரில் அத்தைக்குத் தலைப்பிரசவம். மதுரைக்கு முன்பே அனுப்பியாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மாமா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, திருத்த வேண்டிய கணக்குத் தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ரயிலேறினார். ஞாயிறும் திங்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திருத்தினார். 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. இலங்கையைக் கடந்து வந்த புயல் அன்று நள்ளிரவில் தனுஷ்கோடியின் மேல் ஏறியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய்க் கொண்டிருந்த பாசஞ்சர் வண்டியை அலை அடித்துக்கொண்டு போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ஸ்டேஷன், தபாலாபீஸ், சர்ச், பள்ளிக்கூடம், கப்பல் துறை, அத்தை குடித்தனம் இருந்த ஓலை வீடு எல்லாம் போயின. பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 சிதைந்தன. அதைப் பின்னால் மெட்ரோ ரயில் புகழ் பெற்ற ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் சீர்செய்தார் என்று அப்பா பாலத்தில் ஏறும்போதெல்லாம் சொல்வார். அக்கா குடும்பத்தின் கதையை அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

தனுஷ்கோடி குடியிருக்க லாயக்கற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. பிழைத்தவர்கள் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று சிதறினார்கள். மாமாவைத் தங்கச்சிமடத்துக்கு மாற்றினார்கள். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தீவு முழுக்க அலைந்திருக்கிறார். தன் ஐந்தாம் வகுப்பில் எந்தப் பையனை, எந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்தாரோ, அல்லது உயிரோடிருப்பதாக உறவினர் சொல்லிக் கேட்டாரோ, அந்தத் தாளின் மூலையில் நீலப் பென்சிலால் ஒரு டிக். பல ஆண்டுகளாக அப்படிப் போட்ட டிக் மொத்தம் இருபத்திரண்டு. மீதிப் பதினாறு பேர் செத்துப்போனார்கள் என்று அர்த்தமில்லை, எனக்குக் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று மாமா எங்களிடம் இரண்டு முறை சொன்னார்.

கிடைத்தவர்களுக்குத் தாளைக் கொடுத்திருக்கலாமே என்று நான் பெரியவளான பிறகு அத்தையிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக் கொண்டிருந்தாள். "குடுத்தா, குடுக்காதது எத்தனைன்னு கையில தெரிஞ்சு போகும்ல" என்றாள்.

*

முதுகலை வகுப்பில் அகநானூற்றின் எழுபதாம் பாட்டு பாடமாக வந்தது. பாண்டியரின் பழைய கோடிக்கரையில் ராமன் அருமறை பேச உட்காருகிறான். தலைக்கு மேலே ஆலமரத்தில் பறவைகள் ஓயாமல் கத்துகின்றன. அவன் அவற்றை அடக்குகிறான், மரம் மௌனமாகிறது. காதலியைப் பற்றி ஊர் பேசிய பேச்சு, திருமணம் நிச்சயமானதும் அப்படி அடங்கிப் போயிற்று என்கிறது பாட்டு. கோடி எது என்பதைப் பற்றிப் பேராசிரியர் நீண்ட நேரம் பேசினார். தனுஷ்கோடிதான் என்பது உரைகாரர்கள் பலரின் முடிவு. எனக்கு உவமையின் அழகு அன்று பிடிபடவில்லை. சத்தம் நின்றுபோன ஒரு கோடியை நான் பார்த்திருந்தேன். அது கல்யாணம் நிச்சயமான வீட்டின் அமைதி அல்ல.

இன்னொரு லீவையும் சொல்ல வேண்டும். 1990 காலாண்டு விடுமுறை. அந்த ஜூனில் இலங்கையில் மறுபடி போர் தொடங்கி, மன்னார்ப் பக்கமிருந்து படகு படகாக மக்கள் வந்து இறங்கிக் கொண்டிருந்தார்கள். ராமேஸ்வரத்தில் பதிவு, பிறகு மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளைச் சோதித்து அனுப்புவதற்காக வெள்ளைக்காரர்கள் அமைத்த முகாம் அது. போகிறவர்களுக்காகக் கட்டிய இடத்தில் வருகிறவர்கள் தங்கினார்கள். மாமா பள்ளி ஆசிரியர் என்பதால் பெயர் எழுதும் வேலைக்கு அழைத்திருந்தார்கள். அப்படி எழுதியதில் பழக்கமான ஒரு குடும்பம் ஒரு நாள் அத்தை வீட்டுக் கிணற்றில் குளிக்க வந்தது. என் வயதில் ஒரு பெண். இரண்டு பேரும் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்கள் இங்க எத்தினை நாளைக்கு நிப்பீங்கள்?" என்று கேட்டாள். நிற்பது என்றால் தங்குவது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

பத்து நாள், லீவு என்றேன்.

"எங்களுக்கும் லீவுதான். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு."

வாளியிலிருந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். என்னிடம் ஒரு சோழிச் சங்கு இருந்தது. அதைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கட கரையிலும் இது கிடக்கும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்தக் குடும்பத்தைப் பிறகு எந்த ஊர் முகாமுக்கு அனுப்பினார்கள் என்று மாமாவுக்கும் தெரியவில்லை. அந்த ஆண்டு ரூபவாஹினி பார்க்க நாங்கள் யாரும் போகவில்லை.

*

தீவுக்காரர்களுக்கு லீவு உண்டா என்று என் மகள் கேட்டாள். உண்டு, 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம். 2001இல் தொடங்கியபோது 45 நாள், 2017 முதல் 61. சரியாகப் பள்ளிக்கூட லீவோடு சேர்ந்து வருகிறது. அப்பா வீட்டிலிருப்பார், பிள்ளைகளும் வீட்டிலிருப்பார்கள். வருமானம் மட்டும் வெளியூர் போயிருக்கும். அரசு தரும் நிவாரணம் படகின் பெயின்ட்டுக்கும் வலை பின்னலுக்கும் காணாது என்று கடற்கரையில் எல்லோருமே சொல்கிறார்கள். நாங்கள் கடலைப் பார்க்கக் கூட்டமாக வந்து இறங்குகிற நாட்களில் அவர்கள் கடலை வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த ஊரில் யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை. லீவு முடிந்து கிளம்பிப் போனாலும் எல்லைக்கோட்டுக்கு அந்தப்பக்கம் சிறைப்பிடிப்பு, படகு பறிமுதல். அது தனிக் கதை, ஒரு பத்தியில் அடங்காது.

அரிச்சல்முனை வரைக்கும் 2017 முதல் தார்ச் சாலை. முன்பு மணலில் திணறிக்கொண்டு வேன் போகும், இல்லாவிட்டால் நடைதான். இப்போது இடிந்த சர்ச்சின் முன்னால் செல்பி எடுக்க வரிசை. சுவரில் வெயிலும் உப்பும் தின்ற இடங்களில் எனக்குத் தெரிந்த அதே தேன்கூடு: முருகைக்கல். பக்கத்தில் மணலைக் கையால் தோண்டி ஊற்று நீர் எடுத்து விற்கிறார்கள், கடலுக்கு இருபதடியில் இனிக்கிற தண்ணீர். அப்பத்தா இருந்திருந்தால் துறை எங்கே என்று கேட்டிருப்பாள்.

மாமா 2003இல் போய்விட்டார். புயலின் ஐம்பதாம் ஆண்டு, 2014 டிசம்பரில், கட்டுரை ஒன்று எழுத நான் தீவுக்குப் போயிருந்தேன். அத்தை வீட்டில்தான் தங்கல். மூன்றாம் நாள் காலையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வாசலில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பையில் ஆப்பிள். தனுஷ்கோடி சார் வீடு இதுதானே என்றார். புயலுக்கு மறுநாள் மாமன் ஒருவரோடு தூத்துக்குடிக்குப் போய், அங்கேயே உப்பளத்தில் வேலைக்கிருந்து, பேரன் எடுத்தவர். தாயும் இரண்டு தங்கைகளும் அந்த இரவில் போனவர்கள். நினைவு நாளுக்காக முதல் தடவையாகத் திரும்பி வந்திருக்கிறார்.

அத்தை பெயரைக் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அத்தை மகனிடம் பெட்டியை இறக்கச் சொன்னாள். தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பாதிக்கு மேல் போன பிறகு கிடைத்தது. மூலையில் டிக் இல்லை. அத்தை பேரனின் சட்டைப் பையிலிருந்த பால்பாயின்ட் பேனாவை வாங்கி, மாமா போடுகிற இடத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு, தாளை அவரிடம் நீட்டினாள். முப்பத்தெட்டில் அவள் கொடுத்தது அது ஒன்றுதான்.

அவர் வெகுநேரம் பார்த்தார். நூற்றுக்கு 61. ஏழாவது கணக்கில் கிலோ 1 ரூபாய் 25 பைசா வீதம் 12 கிலோ மீனின் விலை. அவர் 15 என்று எழுதியிருந்தார். மாமா ஐந்துக்கு நான்கு போட்டிருந்தார்.

"விடை சரியாத்தானம்மா இருக்கு. ஒரு மார்க்க ஏன் குறைச்சாரு?"

அத்தை மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து தாளை வாங்கிப் பார்த்தாள். "ரூபாய்னு எழுதலையேப்பா" என்றாள்.